ஹீட்டர் மூடியிருந்தும் பீட்டிலுக்குள் அனல்: என் அனுபவம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்களிடம் இருக்கும் 1967 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் ஹீட்டர் லிவரை மூடியே வைத்திருந்தாலும் காலடியில் அனல் வீசியது. கூடவே புகை நாற்றம், பாம்பன் தாண்டுவதற்குள் தலைவலி. இந்த ஊரில் ஹீட்டரை யார் போடப்போகிறார்கள்!

கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியாச்சு, கதவு ரப்பரும் இன்ஜின் அறை ரப்பரும் மாற்றியாச்சு. அதே கதைதான். கேபிளை இழுத்தால் அடியில் உள்ள லிவர் ஒழுங்காகத் திறந்து மூடியது. ஏமாற்றியது அதுதான். ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்தால், வெளியே லிவர் மூடிய நிலையில் நிற்க, உள்ளே சூடான காற்றை அடைக்கும் தகடு தண்டிலிருந்து துருப்பிடித்துக் கழன்று சாய்ந்து கிடந்தது. மேலே உப்புமணல் கட்டி.

நாற்றம் வேறு விஷயம். இந்த வண்டியில் இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபேனின் காற்று, புகைக்குழாயைச் சுற்றிய கூட்டில் சூடாகித்தான் உள்ளே வரும். குழாய் ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் சேர்ந்து வரும். அந்தக் கூட்டின் நட்டைக் காய்ச்சி மெழுகுவத்தியைத் தேய்த்த பிறகே அசைந்தது. கழற்றி, ஒரு முனையை அடைத்து உள்குழாயில் தண்ணீர் ஊற்றினோம். வெளிக்கூட்டின் வழியே சொட்டியது.

"ஒட்டுப்போட்ரலாம்ணே" என்றார் பட்டறைத் தம்பி. தகடு தாளாகியிருந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹீட்டர் கூடு இல்லாத வெறும் குழாய் இரண்டு பக்கமும் மாட்டினோம். நாற்றமும் அனலும் அன்றோடு நின்றன.

ஃபேன் கூட்டில் ஹோஸ் மாட்டிய இரண்டு வாய்களையும் கட்டாயம் அடைக்க வேண்டும். இல்லையென்றால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அதில் வெளியேறி இன்ஜின் சூடேறும். ரப்பர் மூடி எனக்கு நிற்கவில்லை, அலுமினியத் தகடு வெட்டி ஸ்க்ரூ போட்டேன்.