பழைய ஆர்கனில் பரோக் இசை: நானும் செய்த தவறுகள்

போன கோடையில், வட ஜெர்மனியின் கடலோரக் கிராமம் ஒன்றில், தேவாலயத்தில் ஆர்கன் (குழாய்களில் காற்றூதி ஒலிக்கும் பெரிய விசைவாத்தியம்) இருக்கும் மாடத்துக்கு ஓர் இளைஞன் மூச்சிரைக்க ஏறி வந்தான். கையில் டேப்லெட். ஆர்கனை ஒரு சுற்றுப் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் 17-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பக்ஸ்டெஹூடேயின் எஃப் ஷார்ப் மைனர் பிரலூடியத்தைத் திறந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் வாசிக்கவே தொடங்கிவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே இசையை இதேபோன்ற ஆர்கனில் திறந்து வைத்து அவமானப்பட்டவன் நான்.

தப்பான கட்டையை அழுத்துவது, தாளம் பிசகுவது, பக்கம் புரட்டும்போது தடுமாறுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை தாமாகவே காதில் விழும், தாமாகவே திருந்தும்.

ஆர்கனைத் தெரிந்துகொள்ளாமல் நிகழ்ச்சியை முடிவு செய்வது

பியானோவில் பன்னிரண்டு ஸ்வரங்களும் சம இடைவெளியில் நிற்கின்றன. எங்கே தொடங்கினாலும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஒரே மாதிரி சற்றுப் பிசகியும் ஒலிக்கும். 17-ஆம் நூற்றாண்டு வட ஜெர்மானிய ஆர்கன்கள் பலவற்றில் கதை வேறு. மீன்டோன் என்ற பழைய முறையில் சுருதி சேர்த்தால், எட்டு மேஜர் கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் மூன்று ஸ்வரக் கூட்டு) காந்தாரம் அப்பழுக்கில்லாமல் 5:4 விகிதத்தில் வந்து உட்காரும். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. சட்ஜத் தந்தியை மீட்டும்போது தானாக மேலே மிதந்து வருமே அந்தர காந்தாரம், அதேதான். சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் நுண்ணலகு) கணக்கில் அது 386, பியானோவில் 400.

அந்த இனிமைக்கு மற்ற நான்கு மேஜர் கார்டுகள் பலி. கருப்புக் கட்டை ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலைக்குத்தான். ஜி ஷார்ப் என்று சுருதி சேர்த்த கட்டை, ஏ ஃபிளாட் ஆகாது. ஜி ஷார்ப்புக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் நடுவே இருக்கும் பஞ்சமம் 702 சென்டில் நிற்க வேண்டியது, 738-க்குப் போய்விடும். ஜெர்மானியர்கள் அதை ஓநாய் என்கிறார்கள். கேட்டவர்கள் அந்தப் பெயரைக் குறை சொல்லமாட்டார்கள். சில ஆர்கன்களில் கருப்புக் கட்டையை முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிளந்து இந்தச் சிக்கலைச் சமாளித்திருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

எஃப் ஷார்ப் மைனர் ஏன் ஆபத்து என்றால், அதன் முதல் கார்டு தேனாக ஒலிக்கும். நம்பி உள்ளே போவீர்கள். பிறகு சி ஷார்ப் மேஜர் வரும். அதற்கு வேண்டிய ஈ ஷார்ப் அந்த ஆர்கனிலேயே கிடையாது. அந்த இடத்தில் இருக்கும் எஃப் கட்டையைத்தான் அழுத்துவீர்கள். 386-இல் நிற்க வேண்டிய காந்தாரம் 427-இல் நின்று அலறும்.

அன்று எனக்கு அலறியபோது மாலை நான்கு மணி. கச்சேரி ஏழு மணிக்கு. துண்டுப் பிரசுரம் அச்சாகிவிட்டது. ஆர்கன் கெட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன். தேவாலயத்தைப் பார்த்துக்கொண்ட முதியவரிடம் போய், சுருதி சேர்ப்பவரை உடனே வரவழைக்க முடியுமா என்று வேறு கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆர்கன் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஆணியில் தொங்கிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். முதல் பக்கத்திலேயே, பென்சிலில், பெரிய எழுத்தில் இருந்தது: மீன்டோன். ஐந்து உருப்படிகளில் மூன்றைத் தூக்கி எறிந்தேன். பழைய இசையமைப்பாளர் ஸ்வீலிங்கின் உருப்படிகளில் அரைகுறையாகத் தெரிந்த இரண்டை வைத்து ஒப்பேற்றினேன். பிரசுரத்தை மறுபடி அச்சடித்த செலவும் என்னுடையது.

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது, "ஒரு நாளைக்கு மட்டும் சுருதியை மாற்றித் தர முடியாதா?" என்ற கேள்வி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள். பலவற்றின் மேல்விளிம்பைக் கூம்பால் தட்டி விரித்தோ குறுக்கியோதான் சுருதி சேர்க்க வேண்டும். ஈயம் அதிகம் கலந்த, முன்னூறு ஆண்டு பழைய மெல்லிய தகடு அது. ஒவ்வொரு தட்டும் அதன் ஆயுளில் கொஞ்சம் கழிக்கிறது. உங்கள் ஒரு மணி நேரக் கச்சேரிக்கு அது தகுமா?

இத்தனைக்கும் ஒரே ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் போதும். என்ன சுருதிமுறை, கீழ் ஆக்டேவ் (கடைசி ஸ்தாயி) முழுசா, காலால் மிதிக்கும் பெடல் எதுவரை, சுருதி உயரம் எவ்வளவு. பதில் வந்தபிறகு இசையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்வீலிங்க், ஷைடமான், ஃபிரெஸ்கோபால்டி ஆகியோரை மீன்டோனில் கேட்ட பிறகு பியானோ சுருதியில் கேட்கப் பொறுமை இருக்காது. அந்த எஃப் ஷார்ப் மைனர் இல்லாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கு, சிலர் செய்வதுபோல ஜி மைனருக்கு மாற்றி வாசிக்கும் வழி இருக்கிறது. அதையும் வீட்டிலேயே பழகிவிட்டு வாருங்கள்.

கீழ் ஆக்டேவை நம்புவது

பெரிய குழாய்தான் அதிக உலோகம் தின்னும். எட்டு அடி ஸ்டாப்பில் (ஸ்டாப் என்பது பிடியை இழுத்து ஒலிக்கவைக்கும் ஒரே குரல் குழாய் வரிசை) கடைசி சி குழாய் ஏறக்குறைய எட்டு அடி நீளம். அதனால் அதிகம் பயன்படாத கீழ் ஸ்வரங்களை ஆர்கன் கட்டுபவர்கள் விட்டுவிட்டார்கள். குறுகிய ஆக்டேவ் உள்ள ஆர்கனில் கடைசிக் கட்டை பார்வைக்கு ஈ, ஒலிப்பது சி. எஃப் ஷார்ப்பை அழுத்தினால் டி, ஜி ஷார்ப்பை அழுத்தினால் ஈ. கண்ணை நம்பினால் இடது கை மானத்தை வாங்கிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் சில்பர்மான் கட்டிய ஆர்கன்களிலும் அடியில் சி ஷார்ப் பொதுவாக இருக்காது.

எல்லா ஸ்டாப்பையும் இழுப்பது

எட்டு அடி ஸ்டாப்புகள் ஐந்தை ஒன்றாக இழுத்தால் சத்தம் ஐந்து மடங்காகாது, குழம்பும். துருத்தியின் காற்றையும் அவற்றுக்குப் பங்கு போட வேண்டும், தடித்த கார்டுகளில் ஒலியே தள்ளாடும். ஆர்கனின் அடிப்படைக் குரலான பிரின்சிபல் ஒன்றை மட்டும் வைத்து ஒரு முழு உருப்படியை வாசித்துப் பாருங்கள். பிறகு நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி நடுக்கூடத்தில் நின்று கேளுங்கள். மாடத்தில் கேட்பது வேறு ஆர்கன்.

பெடலில் குதிகால்

வேண்டாம். கட்டைகள் குட்டை. நுனிப்பாதம் போதும்.

கட்டையை அழுத்தியபடி விசைவரிசைகளை இணைப்பது

அடுக்கடுக்காக இருக்கும் கட்டை வரிசைகளில் மேல் வரிசையையோ கீழ் வரிசையையோ முன்னே இழுத்து இணைக்கும் அமைப்பு இருந்தால், இரு கைகளையும் எடுத்துவிட்டு இழுங்கள். உடைந்தால் அது நேற்றைய மரம் அல்ல.

சுருதி உயரத்தைக் கேட்காமல் வயலின்காரரை அழைப்பது

ஹாம்பர்க் புனித யாக்கோபு தேவாலயத்தில் ஷ்னிட்கர் 1693-இல் முடித்த ஆர்கன், நான்கு விசைவரிசை, அறுபது ஸ்டாப். அதில் ஏ ஸ்வரம் ஏறக்குறைய 495 ஹெர்ட்ஸ். இன்றைய 440-ஐவிட ஒரு முழு ஸ்வரம் மேலே. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு கட்டையில் பாடுகிறவரை இரண்டு கட்டையில் நிறுத்துவதுபோல. குளிரும் வெயிலும் வேறு விளையாடும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய மூன்று சென்ட் குழாய்ச் சுருதி நகரும். நாக்கு வைத்த குழாய்கள் அதே அளவு நகராது. காலையில் சேர்ந்த, நாக்குக் குழாய்களாலான டிரம்பெட் ஸ்டாப் மாலையில் தனியே நிற்கும்.

விரலை எடுக்கத் தெரியாதது

இங்கே கட்டைக்கும் குழாய்க்கும் நடுவே மின்சாரம் இல்லை, மெல்லிய மரப்பட்டிகள்தான். வால்வு திறக்கும் தருணத்தை விரல் நுனியில் ஒரு சிறு தடையாக உணரலாம். எல்லோரும் அதைப் பழகுகிறார்கள். வால்வு மூடுவதைப் பழகுவோர் குறைவு. பியானோவில் விட்ட ஸ்வரம் தேய்ந்து மறையும். ஆர்கனில் அது வெட்டுப்படும், கூடம் அந்த வெட்டையும் சில நொடி திருப்பிச் சொல்லும். ஸ்வரங்களை ஒட்டி ஒட்டி வாசித்தால் எதிரொலியில் எல்லாம் கூழாகிவிடும். இடையில் மயிரிழை இடைவெளி விடுங்கள். கூடத்தில் அது இடைவெளியாகக் கேட்காது, இசையின் தெளிவாகக் கேட்கும்.

மோட்டார்

துருத்திக்குக் காற்றூதும் மோட்டாரைக் கிளம்பும்போது அணையுங்கள். நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன். இரண்டாம் முறை அந்த முதியவர் இரவு பதினோரு மணிக்கு எழுந்து வந்து அணைத்தார்.