மாஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரே அரசனைத் தேடாதீர்கள்

நெதர்லாந்தின் தெற்கு வாலில், பெல்ஜியத்தை ஒட்டி, மாஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது மாஸ்ட்ரிக்ட். இதன் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள்: இன்ன வருடம் வரை இவர் ஆட்சி, அப்புறம் அவர் ஆட்சி. சறுக்கல் அங்கேயே ஆரம்பம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 1794 வரை இந்த ஊருக்கு ஒரே நேரத்தில் இரண்டு எஜமானர்கள். ஒருவர் பக்கத்து நாடான பிரபாந்தின் கோமகன், இன்னொருவர் லியேஜ் பகுதியை ஆண்ட கத்தோலிக்க ஆயர். நீதிமன்றமும் இரண்டு. ஒருவர் எந்த எஜமானரின் குடி என்பதைத் தாயை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். ஆக, அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் வேறு வேறு வழக்குமன்றத்தில் நிற்க நேரும்.

இது தெரியாவிட்டால் 1632உம் குழப்பும். ஸ்பெயினிடமிருந்து டச்சுப் படைத்தலைவர் ஃபிரடெரிக் ஹென்ட்ரிக் ஊரைப் பிடித்தார், சரி. ஆனால் ஸ்பெயின் மன்னர் அங்கே பிரபாந்த் கோமகனாகத்தான் உரிமை கொண்டாடினார். டச்சுக் குடியரசுக்குக் கைமாறியது அந்தப் பங்கு மட்டுமே; ஆயரின் பங்கை யாரும் தொடவில்லை. கத்தோலிக்க வழிபாடும் நிற்கவில்லை. ஃப்ரைட்ஹாஃப் சதுக்கத்தில் நின்றால் இன்றும் இது கண்ணுக்குத் தெரியும்: ஒரு பக்கம் புனித செர்வாஸ் பேராலயம், பக்கத்திலேயே புராட்டஸ்டண்டுகளிடம் போன, சிவப்புக் கோபுரம் கொண்ட புனித யோவான் கோயில். நடுவில் ஒரு குறுகிய சந்து. அதற்கு ஊரார் வைத்த பெயர் ‘உத்தரிக்கிற ஸ்தலம்’, அதாவது சொர்க்கம் போகுமுன் ஆன்மாக்கள் பாவம் கழுவக் காத்திருக்கும் இடம். குசும்புக்காரர்கள்!

1673இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி முற்றுகையிட்டுப் பிடித்ததைச் சொல்பவர்கள், 1678இல் திருப்பிக் கொடுத்ததை விட்டுவிடுகிறார்கள். அந்த முற்றுகையில் செத்த, ‘மூன்று மஸ்கெட்டியர்கள்’ நாவலில் வரும் தார்த்தான்யன் வெறும் கதைப் பாத்திரம் என்பதும் தவறு, நிஜமான படைத்தலைவர்.

1815இல் புதிய நெதர்லாந்து முடியரசோடு ஊர் சேர்ந்ததும் கதை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 1830இல் அந்த முடியரசிலிருந்து பெல்ஜியம் பிரிந்தபோது சுற்றுவட்டாரம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. டச்சுத் தளபதி டிபெட்ஸின் காவல்படை கோட்டையை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் 1839 லண்டன் ஒப்பந்தத்தில் ஊர் டச்சுக்காரர்களுக்குக் கிடைத்தது.

‘ஒல்லாந்து நகரம்’ என்றும் எழுதாதீர்கள். ஒல்லாந்து என்பது நெதர்லாந்தின் மேற்குப் பகுதி மட்டுமே; இது லிம்பர்க் மாகாணம். கடைசியாக, நெதர்லாந்தின் விடுதலை நாளான 1945 மே 5ஐ இந்த ஊருக்கும் ஒட்டாதீர்கள். இங்கே அமெரிக்கப் படை 1944 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் பட்டினி கிடந்த ஆம்ஸ்டர்டாம் டியூலிப் கிழங்கைத் தின்றது. மாஸ்ட்ரிக்ட்டில் ஜெர்மானியர் இல்லை.