ஊருக்கு ஏழு கிலோ: ஜூன் விடுமுறைக்குத் துணி அடுக்கும் முறை

மே மாதக் கடைசியில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் திருச்சி விமானத்துக்கு நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளிக்கு நான்கு வார விடுமுறை விட்ட மறுநாளே பாதி யீஷூன் பேட்டையே அங்கே நிற்கும். ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் மூன்று பெட்டி. உள்ளே என்ன என்று கேட்கவே வேண்டாம். கோடாரித் தைலம் ஒரு டஜன், சாக்லேட், மைலோ, மச்சினர் அளவு அனுப்பிச் சொன்ன ஷூ. செக்-இன் பெட்டி சொந்தக்காரர்களுடையது, அதில் நமக்குப் பங்கு கிடையாது. நம் துணிக்கு மிஞ்சுவது தலைக்கு மேல் வைக்கும் கைப்பெட்டி மட்டும்தான்.

அந்தக் கைப்பெட்டிக்குள் பத்து நாள் துணியை எப்படி அடக்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இது விருப்பப்பட்டு வந்த கலை இல்லை. சில வருடங்களுக்கு முன்பு எங்கள் துணி முழுவதையும் செக்-இன் பெட்டியில் போட்டோம். நாங்கள் திருச்சியில் இறங்கினோம், பெட்டி இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. நடுவில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. நாத்தனார் புடவை எனக்குச் சரியாக இருந்தது, ரவிக்கைதான் சரியாக இல்லை. முதுகுப் பக்கம் ஆறு ஊக்கு குத்திக்கொண்டு, யாருக்கும் முதுகைக் காட்டாமல் சுவரோரமாகவே நகர்ந்துகொண்டிருந்தேன். தாய்மாமனான என் வீட்டுக்காரர் விமானத்தில் வந்த ஜீன்ஸோடு குழந்தையை மடியில் வைத்திருக்கும் படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: நாட்களை எண்ண வேண்டாம்

பத்து நாள் பயணம் என்றால் பத்து செட் என்று ஆரம்பிப்போம். அப்புறம் "எதுக்கும் இருக்கட்டும்" என்று நாலு செட். இங்கேதான் பெட்டி வீங்குகிறது. நீங்கள் எண்ண வேண்டியது, போகிற இடத்தில் துவைத்த துணி காய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை.

நாம் சிங்கப்பூர்ப் பழக்கத்தில் கணக்குப் போடுகிறோம். இங்கே ஈரப்பதம் சராசரியாக எண்பது சதவீதத்துக்கு மேல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் மூங்கில் கழியை நீட்டிக் காலையில் போட்ட ஜீன்ஸ் மாலையிலும் இடுப்புப் பட்டியில் ஈரமாகவே இருக்கும். நடுவில் ஒரு மழை வந்து நாம் அலுவலகத்தில் இருந்தால் கதை முடிந்தது. ஜூனில் திருச்சிப் பக்கம் அப்படி இல்லை. பகலில் 37 டிகிரி வாக்கில் போகும், காற்றும் உலர்ந்த காற்று. மொட்டை மாடிக் கொடியில் பத்து மணிக்குப் போட்ட பருத்திக் குர்த்தி மதியச் சாப்பாட்டுக்குள் மொறமொறவென்று இருக்கும். ஆக நான்கு நாள் துணி இருந்தால் நாற்பது நாளும் இருக்கலாம். ஆனி, ஆடிக் காற்று அடிக்கும் காலம் அது. அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்த ஊர். துணி கிளிப் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போன தடவை என் துப்பட்டா ஒன்று பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் கிடைத்தது.

நாளுக்குப் பதிலாக இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். வீடு, கோவில், ஒரு கல்யாணம், பேருந்துப் பயணம், கொடைக்கானலில் இரண்டு இரவு. ஆடி பிறப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று வைகாசி, ஆனியில் கல்யாணங்கள் குவியும், அதனால் அந்த வரி எப்படியும் இருக்கும். ஒவ்வொரு துணியும் இந்தப் பட்டியலில் இரண்டு இடத்துக்காவது ஆக வேண்டும். ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் ஆகும் துணி என்றால் கல்யாணப் புடவைக்கு மட்டும்தான் மன்னிப்பு.

இரண்டாம் படி: சமையலறைத் தராசை எடுங்கள்

கேக் செய்ய வாங்கி, இரண்டு தடவை பயன்படுத்தி, அலமாரியில் கிடக்குமே, அந்தத் தராசு. ஒரு பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, துணியைச் சுருட்டி ஒவ்வொன்றாக எடை போடுங்கள். என் ஜீன்ஸ் 640 கிராம். ஒரு பருத்திக் குர்த்தி 220. அதாவது ஒரு ஜீன்ஸ் இடத்தில் கிட்டத்தட்ட மூன்று குர்த்தி போகும்! என் வீட்டில் ஜீன்ஸ் ஊருக்கு வருவது அன்றோடு நின்றது. வெயிலுக்கும் ஆகாது, துவைத்தால் பிழிய இரண்டு பேர் வேண்டும்.

குளிக்கிற துண்டும் ஒரு திருடன். பூத்துண்டு அரைக் கிலோ. ஈரிழைத் துண்டு 130 கிராம், அரை மணியில் காய்ந்துவிடும், பேருந்தில் தலைக்குப் போட்டுக்கொள்ளலாம், குழந்தை தூங்கினால் போர்த்தலாம். பவர் பேங்க் கைப்பெட்டியில்தான் வர வேண்டும், செக்-இன்னில் விட மாட்டார்கள். அதையும் எடை போட்டுவிட்டுச் சின்னதாகப் பார்த்து எடுங்கள்.

காலிப் பெட்டியின் எடையை எல்லாரும் மறந்துவிடுவார்கள். சக்கரம் வைத்த சின்னப் பெட்டி இரண்டரை, மூன்று கிலோ வரும். ஏழு கிலோ அனுமதியில் அதுவே கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடும். தோள்பை என்றால் ஒரு கிலோவுக்குள். பல விமான நிறுவனங்களில் கைப்பெட்டிக்கு 7 கிலோதான், சிலவற்றில் கூடுதல், டிக்கெட்டிலேயே போட்டிருக்கும்.

மூன்றாம் படி: துணிக்கு ஒரு பரீட்சை

இதை ஞாயிற்றுக்கிழமை இரவு செய்யலாம். எடுத்துப் போக நினைக்கும் துணியைக் கையால் துவைத்து, பிழிந்து, ஹாலில் மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள். காலையில் அக்குளிலும் மடிப்பிலும் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் பாஸ். சிங்கப்பூர் ஹாலில் ஒரு ராத்திரியில் காயும் துணி ஊரில் எங்கும் காயும், கொடைக்கானல் தவிர.

அடுத்து, துணியைக் கைப்பிடிக்குள் பத்து விநாடி இறுக்கிக் கசக்கிப் பிரியுங்கள். அழுத்தமாகக் கோடு விழுந்து அப்படியே நின்றால் அது தினமும் இஸ்திரிப் பெட்டி கேட்கும். லினன் குளிர்ச்சிதான், ஆனால் இந்தப் பரீட்சையில் படுதோல்வி. மெல்லிய பருத்தி, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது இவற்றில் பாருங்கள். முழு பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், மடங்காது, ஆனால் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் பகல் ஒரு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு நின்றால் என்னைத் திட்டுவீர்கள்.

நிறம்: வெளிர் சாம்பலில் வியர்வை வரைபடம் மாதிரி தெரியும். வெள்ளை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு துவையலில் பழுப்பாகிவிடும். கருநீலம், மெரூன், கடுகு மஞ்சள், இலைப் பச்சை ஆகியவை ஒன்றோடொன்று சேரும், அழுக்கும் தாங்கும்.

நான்காம் படி: கூட்டிப் பெருக்குவது

என்னுடைய பட்டியல் இது. மேலுக்கு ஐந்து: மூன்று குர்த்தி, இரண்டு குட்டை டாப்ஸ். கீழே மூன்று: கருநீலப் பருத்திப் பேண்ட், கறுப்பு லெக்கிங்ஸ், அகலமான பலாசோ. துப்பட்டா இரண்டு. ஐந்தை மூன்றால் பெருக்கிப் பதினைந்து ஜோடி என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் குட்டை டாப்ஸை லெக்கிங்ஸோடு போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குள் நுழைய எனக்குத் தைரியம் இல்லை. அந்த இரண்டைக் கழித்தால் பதின்மூன்று. பத்து நாளுக்கு மிச்சமே வருகிறது.

"போட்டதையே போடுறா" என்று யாராவது சொல்வார்கள் என்பதுதான் நம் உண்மையான பயம். என் அத்தை நேராகவே கேட்டார்: "என்னம்மா, சிங்கப்பூர்ல இருந்து வர, நாலு துணியோடயா வந்த?" இதற்கு மருந்து துப்பட்டா. ஒரே கருநீலக் குர்த்திக்கு ஒரு நாள் மதுரைச் சுங்குடி, இன்னொரு நாள் ஜரிகைக் கரை வைத்தது. படத்தில் முகமும் துப்பட்டாவும்தான் தெரியும். சுங்குடி நூறு கிராம்கூட இருக்காது, கசங்கினாலும் அதன் அழகே அதுதான். கோவிலில் தோளில், ஏசி பேருந்தில் கழுத்தில், வெயிலில் தலையில். இங்கே தேக்கா சந்தையின் மாடிக் கடைகளில் கிடைக்கும், ஊரில் வாங்கினால் இன்னும் மலிவு.

கல்யாணப் புடவைக்கு மட்டும் தனியாக யோசியுங்கள். கனமான காஞ்சிபுரம் ஒரு கிலோவைத் தொடும். மென்பட்டு என்றால் ரவிக்கை, உள்பாவாடையோடு சேர்த்து 850 கிராமில் முடிந்துவிடும். புடவையை ஊரில் யாரிடமும் இரவல் வாங்கலாம், ரவிக்கையை முடியாது. ஊக்குக் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா? ரவிக்கை உங்களுடையதாகக் கைப்பெட்டிக்குள் இருக்கட்டும். மங்கிய பொன் கலரில் ஒரு ரவிக்கை தைத்து வைத்துக்கொண்டால் முக்கால்வாசிப் பட்டுக்குச் சேரும்.

ஆண்களுக்குக் கதை சின்னது. அரைக்கைச் சட்டை நான்கு, பருத்திப் பேண்ட் இரண்டு, வேட்டி ஒன்று. கட்டத் தெரியாதவர்கள் ஒட்டிக்கொள்கிற வேட்டி எடுக்கலாம், யாரும் இழுத்துப் பார்க்கப் போவதில்லை. அரைக்கால் சட்டை வீட்டோடு சரி, கோவிலுக்கு வேண்டாம்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஒரு நாளைக்கு இரண்டு செட் என்று வைத்து நான்கு நாளுக்கு எடுங்கள்.

ஐந்தாம் படி: கொடைக்கானலும் கோவில் தரையும்

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே வத்தலக்குண்டில் வியர்வையோடு பேருந்து ஏறி, மேலே மூடுபனியில் பல் தந்தியடிக்க இறங்குவோம். அதற்காகத் தடித்த ஜாக்கெட் வாங்கிவிடாதீர்கள். அலுவலகத்து ஏசிக்குப் பயந்து நாற்காலி முதுகில் ஒரு கார்டிகன் தொங்குமே, அது போதும். உள்ளே ஒரு டாப்ஸ், மேலே குர்த்தி, அதற்கும் மேலே கார்டிகன், கழுத்தில் துப்பட்டா. அந்தக் கார்டிகனை விமானத்தில் போட்டுக்கொண்டே போனால் பெட்டியில் எடையும் இல்லை, நான்கு மணி நேரக் குளிருக்கும் ஆயிற்று. எப்போதும் பையில் கிடக்கும் மடக்குக் குடை அங்கேயும் உதவும்.

சாக்ஸ் இரண்டு ஜோடி எடுக்கச் சொன்னால் "இந்த வெயிலுக்கா?" என்பீர்கள். தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஒரு தடவை பதினொன்றரை மணிக்குப் போனேன். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோவிலின் தளம் அன்றைக்கு தோசைக்கல்லாக இருந்தது. செருப்பு வெளியே. நந்தி மண்டபத்திலிருந்து படிக்கட்டு வரை நானும் மகனும் ஓடியது ஒரு தனி ஓட்டப்பந்தயம். பக்கத்தில் ஒரு பாட்டி தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு அன்னம் மாதிரி நடந்து போனார். அன்றிலிருந்து நாங்களும் சாக்ஸ் கட்சி.

ஆறாம் படி: அடுக்குவது

டாப்ஸ், பேண்ட், லெக்கிங்ஸை இறுக்கச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். புடவையைச் சுருட்டக் கூடாது. ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்து, பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பையின் முதுகுப் பக்கம் தட்டையாக வையுங்கள். உள்ளாடைகளைச் செருப்புக்குப் பக்கத்து இடுக்குகளில் திணிக்கலாம், செருப்பு பிளாஸ்டிக் பையில் இருந்தால். ஷாம்பு, எண்ணெய் எல்லாம் 100 மில்லிக்கு உட்பட்ட குப்பியில், ஒரே ஒளிபுகும் பையில். துவைக்கத் திரவத்துக்குப் பதில் அரைக்கட்டிச் சலவைச் சோப்பு எடுத்தால் அந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

போட்டுக்கொண்டு போவது போக என் பையில் இருந்தவை: இரண்டு குர்த்தி, இரண்டு டாப்ஸ், கீழாடை இரண்டு, துப்பட்டா இரண்டு, புடவை செட், நைட்டி, ஐந்து செட் உள்ளாடை, துண்டு, செருப்பு, குளியல் சாமான், மருந்தும் சார்ஜரும். தோள்பையின் 900 கிராமையும் சேர்த்து ஐந்து கிலோ சொச்சம்.

ஏழாம் படி: ஊரில் தினசரி

மாலை குளிக்கும்போது அன்றைய துணியை அப்போதே அலசிவிடுங்கள். சேர்த்து வைத்தால் வாளி நிறைந்துவிடும், அப்புறம் "நான் துவைச்சுத் தரேன்" என்று சின்ன மாமியார் வந்து நிற்பார், நமக்குச் சங்கடம். காயப் போடும்போது உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள், அந்த வெயில் இரண்டே வாரத்தில் மெரூனைச் செங்கல் நிறமாக்கிவிடும். கொடைக்கானல் போவதற்கு முதல் நாள் எல்லாமே காய்ந்திருக்க வேண்டும். மலைமேல் துவைத்தது கீழே இறங்கியும் ஈரமாகவே இருக்கும்.

மிச்சமிருக்கும் ஏறக்குறைய இரண்டு கிலோ இடத்தை நிரப்பிவிடாதீர்கள். செக்-இன் பெட்டியில்தான் இடம் காலியாகுமே என்பீர்கள். அதுதான் திருச்சி என்.எஸ்.பி. சாலைத் துணிக்கடைகளில் நிரம்பிவிடுமே. கடைசி நாள் டாக்ஸி கிளம்பும்போது அத்தை ஓடி வந்து ஜன்னல் வழியாக வடகமும் சுண்டைக்காய் வற்றலும் நீட்டுவார். அதை வைக்க இடம் வேண்டும்.