தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை: பாக் நீரிணையை நீந்திக் கடக்க விரும்புவோருக்கு

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் இதை 25 மணி நேரத்துக்கும் மேலாக நீந்திக் கடந்தார். இலங்கை வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடி வந்து, மீண்டும் மன்னாருக்கே 51 மணி நேரத்தில் நீந்தித் திரும்பினார். அந்த வரிசையில் தம் பெயரையும் காண விரும்புவோர், நீச்சல் பயிற்சிக்குச் செலவிடும் அக்கறையில் பாதியையேனும் கீழ்க்காணும் ஏற்பாடுகளுக்கு ஒதுக்க வேண்டும்.

எந்தச் சாதனை என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அது அளக்கக்கூடியதாகவும், பிறர் முறியடிக்கக்கூடியதாகவும், ஒரே ஓர் அளவைச் சார்ந்ததாகவும் இருந்தால்தான் கின்னஸ் போன்ற அமைப்புகள் ஏற்கும். கின்னஸுக்கு அனுப்பும் சாதாரண விண்ணப்பத்தின் பரிசீலனைக்கே பல வாரங்கள் ஆகும். குற்றாலீஸ்வரன் இக்கடலைக் கடந்த 1994இல் அவருக்கு வயது 12. இன்றோ, 16 வயது நிரம்பாதோர் ஆபத்து மிகுந்த முயற்சிகளில் இறங்குவதைக் கின்னஸ் ஏற்பதில்லை; அது சரியான விதி என்றே நான் கருதுகிறேன். பிள்ளையின் வயதைச் சாதனையாக்க நினைக்கும் பெற்றோர் சற்றுப் பொறுக்க வேண்டும்.

இரு நாடுகளின் கடல் எல்லையைத் தாண்டும் பயணம் என்பதால் நம் மத்திய அரசின் அமைச்சகங்கள், கடற்படை, கடலோரக் காவல்படை, மாவட்ட நிர்வாகம், இலங்கை அரசு ஆகிய எல்லாத் தரப்பின் இசைவும் தேவை. படகில் வருவோர் அனைவரின் ஆவணங்களையும் பல மாதங்களுக்கு முன்பே ஒப்படையுங்கள்.

கடலைப் படிப்பதுதான் இதில் பெரும்பகுதி. வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று ஓய்ந்து, தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று வலுக்கும் முன் உள்ள பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான இடைவெளியையே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை வாநீவாடு என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைச் சோநீவாடு என்றும் நம் மீனவர்கள் பிரித்தறிகிறார்கள். இந்த ஓட்டம் நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்வதால், உண்மையில் நீந்தும் தொலைவு வரைபடத்தில் உள்ளதைவிடக் கூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுக்கும். அட்டமி, நவமியை ஒட்டித் தணியும். மணல்திட்டுகளின் இடையே நீர் குறுகிப் பாய்வதால், கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் நெடுநேரம் நெருங்க முடியாமல் போகலாம். ஆகவே ராமேசுவரத்திலோ பாம்பனிலோ இத்திட்டுகளை அறிந்த மூத்த மீனவர் ஒருவரைச் சுக்கான் பிடிக்க அழைத்துக்கொள்ளுங்கள். நாளையும் நேரத்தையும் அவரே குறிக்கட்டும்.

சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி ஆகியவையே நெடுந்தூரக் கடல் நீச்சலில் வழக்கமாக அனுமதிக்கப்படுகின்றன. அக்குளிலும் கழுத்திலும் உப்புநீர் உராய்ந்து புண்ணாகாமல் இருக்க வாசலின் தடவ வேண்டும். இருளில் புறப்பட்டால் தொப்பியில் சிறு விளக்கு பொருத்துங்கள். அரை மணிக்கொரு முறை கயிற்றில் கட்டிய புட்டியில் கஞ்சியோ சத்துநீரோ இறக்கலாம். ஆனால் படகைப் பிடித்தால் முயற்சி அங்கேயே முடிந்துவிடும். வெதுவெதுப்பான கடலிலும் உடல் வியர்ப்பதால் தாகம் தெரியாவிட்டாலும் குடிக்க வேண்டும். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டால் நன்னீரால் கழுவாமல் கடல்நீரால் கழுவுங்கள்.

குடும்பத்தாரோ பயிற்சியாளரோ அல்லாத இரு சாட்சிகள், நேரம், இடம், உணவு, காற்று ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு, தொடர்ச்சியான காணொளி, ஜிபிஎஸ் தடம் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் நீந்தியதை மெய்ப்பிப்பது கடினம்.

முயற்சியை நிறுத்தும் அதிகாரத்தைப் புறப்படும் முன்பே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பேச்சு குழறினாலும், கேட்ட கேள்விக்குப் பதில் தவறினாலும், அவர் சொன்னவுடன் படகில் ஏற்றிவிட வேண்டும். நீந்துபவரின் விருப்பத்தை அப்போது கேட்கக்கூடாது. ஆழிக்குமரன் ஆனந்தனைப் போன்ற பெரும் நீச்சல் வீரரே 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார் என்பதை அந்தத் தாளில் கையெழுத்திடும்போது நினைவில் கொள்ளுங்கள்.

அரிச்சல்முனை மணலைக் கால் தொட்டதும் உறவினர்கள் ஓடிவந்து தாங்கிப் பிடிக்க முனைவார்கள். அவர்களை முன்கூட்டியே தடுத்து வையுங்கள். நீந்தியவர் யார் துணையுமின்றி நடந்து, அலை எட்டாத மணலில் நின்ற பிறகே சாட்சிகள் கடிகாரத்தை நிறுத்த வேண்டும்.