பதவி வேண்டாம், வேலை போதும்

ஓய்வு பெற்ற மறுவாரமே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "டீச்சர், இனிமேல் உங்களுக்கு நேரம் இருக்குமே" என்று ஆரம்பிக்கிற எந்த அழைப்புக்கும் அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். மொரீசியஸ் தீவில் ரோஸ் ஹில் பக்கம் ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் நான். கோயில் சங்கம் ஒரு பக்கம், முதியோர் கிளப் ஒரு பக்கம், ஆசிரியர் பயிற்சிக் காலத் தோழிகள் ஒரு பக்கம், கணவர் வீட்டுச் சொந்தங்கள் இன்னொரு பக்கம். இங்கே ஆட்கள் கொஞ்சம், சங்கங்கள் ஏராளம். உங்களையும் விடமாட்டார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதவியை வாங்காதீர்கள், வேலையை வாங்குங்கள்.

பதவிக்கு முடிவே கிடையாது. வேலைக்கு உண்டு. "செயலாளராக இருங்கள்" என்று கேட்டால், "காவடிக்கு முந்தின இரவு காய்கறி நறுக்க ஆட்களைச் சேர்ப்பது என் பொறுப்பு" என்று சொல்லுங்கள். மறுநாள் அன்னதானம் முடிந்தால் உங்கள் பொறுப்பும் முடிந்தது. பொருளாளர் பதவியை மட்டும் சொந்தத் தம்பி கேட்டாலும் ஏற்காதீர்கள். ரசீது, வங்கியில் இரண்டு கையெழுத்து, ஆண்டுக் கணக்கு, பொதுக்குழுவில் "அந்த ஐந்நூறு ரூபாய் எங்கே போச்சு" என்று எழுந்து நிற்கும் ஒருவர். தப்பவே முடியவில்லை என்றால் எந்த ஆண்டு விலகுவீர்கள் என்பதை முதல் கூட்டத்தின் குறிப்பேட்டிலேயே எழுத வையுங்கள்.

அடுத்தது நாட்காட்டி. பழைய தோழிகளையோ சொந்தங்களையோ கூட்டி ஒன்றுகூடல் நடத்துவதென்றால், தமிழ்த் தேதி போட்ட கோயில் காலண்டரை எடுத்து, தொடக் கூடாத நாட்களை முதலில் அடைத்துவிடுங்கள். தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதம். சிவராத்திரியை ஒட்டி கிராண்ட் பாசன் புனித ஏரிக்கு நடந்து போகிறவர்களால் சாலைகள் நிரம்பும் நாட்கள். சித்திரை வருடப்பிறப்பு. புரட்டாசி முழுவதும்: கோவிந்தன் விரதம் இருக்கிற வீட்டில் அந்த மாதம் கறி மீன் கிடையாது, உங்கள் பார்ட்டிக்கு யாரும் வரமாட்டார்கள். பிறகு தீபாவளி. நவம்பரிலிருந்து புயல் பருவம் தொடங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் எச்சரிக்கை வந்தால் மண்டபமும் போச்சு, சமைத்ததும் போச்சு.

இத்தனையும் அடைத்த பிறகு பெரிய ஒன்றுகூடலுக்கு மிஞ்சுகிற மாதங்களில் ஒன்று ஆடி. யோசித்தால் அதைவிட நல்ல மாதமும் இல்லை. ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் மண்டபம் கிடைப்பது சுலபம். இங்கே குளிர்காலம், மழையும் குறைவு. லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. டிசம்பர் என்றால் விமான டிக்கெட் விலையைக் கேட்டதுமே பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள். இடம் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று கிழக்கே பெல் மார் கடற்கரையில் இலையையும் பறக்கடிக்கும், அப்பளத்தையும் பறக்கடிக்கும். மேட்டுநிலத்துக் க்யூர்பிப்பில் சாரல் ஓயாது. மேற்கே ஃபிளிக் அன் ஃப்ளாக் பக்கம்தான் காற்று மறைவாக, வெயிலாக இருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களோடு பேச ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் நமக்கு ஞாயிறு காலை பதினொரு மணி என்றால் லண்டனில் எட்டு, மெல்பர்னில் மாலை ஐந்து. மூன்று நாட்டுக்காரரும் விழித்திருக்கும் நேரம் அது. வாட்ஸ்அப் குழுவில் தேதிக்கு ஓட்டெடுப்பு வைக்காதீர்கள். இரண்டு தேதி சொல்லுங்கள், ஒரு வாரம் விடுங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். முணுமுணுப்பவர்கள்தான் முதல் ஆளாக வந்து உட்காருவார்கள்.

பழைய தோழிகளைத் தேடும்போது பெயரை நம்ப வேண்டாம். கல்யாணத்தோடு பெண்களின் பெயர் மாறிவிடுகிறது. ஊரைப் பிடியுங்கள்: "கம்ப் தியாபில் கோயில் தெருவில் இருந்த, பாட்டுப் பாடுகிற பிள்ளை" என்று கேட்டால் இரண்டாவது வீட்டில் பதில் கிடைத்துவிடும். பெயர் அட்டையில் பள்ளிக்காலப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், இன்றைய பெயர் சின்னதாகக் கீழே இருந்தால் போதும். காலமானவர்களுக்குத் தொடக்கத்திலேயே விளக்கேற்றிப் பெயர்களை வாசித்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்தால் கூட்டம் அதோடு கலைந்துவிடும். குரூப் போட்டோவும் சாப்பாட்டுக்கு முன்புதான். இலையில் ஏழு வகைக் காய்கறிக் கறியோடு சாப்பிட்ட பிறகு யாரையும் வரிசையில் நிற்க வைக்க முடியாது.

குடும்ப ஒன்றுகூடல் என்றால் இன்னொரு வேலை செய்யலாம், நான் சொன்னதில் மிகவும் சுவையான வேலை இது. தாத்தா பாட்டிகளின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைத் திரட்டுங்கள். பழைய சான்றிதழ்களில் பல சமயம் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் பதிவு எண் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போனால், கப்பலின் பெயர், வந்த தேதி, தகப்பன் பெயர், புறப்பட்ட ஊர் என்று பேரேட்டிலிருந்து எடுத்துத் தருவார்கள். பிற்காலத்தில் வந்தவராக இருந்தால் புகைப்படம்கூடக் கிடைக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் அண்ணன் ஒரு குடும்பப் பெயர், தம்பி ஒரு குடும்பப் பெயர் என்று இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று கிளையை வெட்டிவிடாதீர்கள். ஒன்றுகூடலுக்குப் பல மாதம் முன்பே தொடங்குங்கள். கிடைத்ததைப் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். பேச வெட்கப்படுகிற பேரப்பிள்ளைகள் அங்கேதான் போய் நிற்பார்கள். லண்டன் பிள்ளைக்கு ஆங்கிலம், பாரிஸ் பிள்ளைக்குப் பிரெஞ்சு, நமக்கு இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோல். அந்தச் சுவர் முன்னால் எல்லாம் கலந்து ஓடும்.

பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். இரண்டு பேர் பெயரில் கணக்கு திறந்து, மண்டப முன்பணம், இலை, சமையல்காரர், வேன் வாடகை என்று செலவை அன்றன்றே குழுவில் போடுங்கள்.

முதியோர் கிளப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறுபது தாண்டியவர்களுக்குப் பஸ் கட்டணம் இல்லாத நாடு இது, அதைப் பயன்படுத்துங்கள். பெல் மார், புவாந்த் ஓ சாப்ல் ஊர்களில் அரசாங்கத்தின் முதியோர் பொழுதுபோக்கு மையங்கள் இருக்கின்றன. குழுவாகப் போய் ஓரிரு இரவு தங்கலாம். கிளப்பில் நான் விடாமல் செய்வது ஒன்றுதான்: கூட்டத்துக்கு வராமல் போனவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவது. எதையும் கொண்டுபோக வேண்டாம். தேநீர் போடச் சொல்லி உட்காருங்கள். மருந்துச் சீட்டு, மூட்டு வலி, மகன் பேசாதது எல்லாம் தானாக வெளியே வரும்.

கோயில் சமையலில் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அண்டா தூக்குவதை இளைஞர்களிடம் விட்டுவிட்டு, பூசணி நறுக்குகிற பக்கம் நாற்காலி போட்டு உட்காருங்கள். ஊர்ச் செய்தியும் அங்கேதான் கிடைக்கும்.

வாரத்தில் ஒரு நாளை யாருக்கும் கொடுக்காதீர்கள். எனக்கு அது புதன். "புதன் முடியாது" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொன்னால் அதற்கு மாற்று யோசனை சொல்ல ஆள் வந்துவிடும்.

ஒன்றுகூடல் நாளில் அடுத்த தேதியையும் அடுத்த பொறுப்பாளரையும் பாயசம் வருவதற்கு முன்பே முடிவு செய்து சத்தமாக அறிவித்துவிடுங்கள். பாயசம் வந்த பிறகு எல்லாரும் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், அடுத்த முறையும் நீங்களே நடத்த வேண்டியிருக்கும்.