அரபிக் கரை உடன்படிக்கையை வாசிப்பது எப்படி

திருநெல்வேலிச் சீமையில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் காயல்பட்டினத்திலும் துபாய், மஸ்கட், குவைத் என்னும் பெயர்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களாகவே புழங்குகின்றன. அந்தத் துறைகள் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படையின் பிடிக்குள் எப்படிப் போயின என்று கட்டுரை எழுத முற்படும் மாணவர், பெரும்பாலும் 1820, 1835, 1853, 1892, 1899 என்று உடன்படிக்கைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் ஷரத்துகளையும் சுருக்கி எழுதி முடித்துவிடுகிறார். நானும் பாளையங்கோட்டையில் பாடம் நடத்திய நாள்களில் பல ஆண்டுகள் கரும்பலகையில் அப்படித்தான் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் தாள்களில் எழுதியிருப்பதைவிட, அவை எந்த மாதத்தில் கையெழுத்தாயின, அப்போது துறையில் எந்தக் கப்பல் நின்றது, கையெழுத்திடாமல் வெளியே நின்ற மூன்றாமவர் யார் என்பவையே அதிகம் பேசும் என்பது எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது. அந்த வாசிப்பு முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் அரபிக்கடல் முழுவதும் தெரியும் வரைபடம் ஒன்றையும், தமிழ் மாதங்கள் அச்சிட்ட நாட்காட்டி ஒன்றையும் மேசைமேல் வையுங்கள். வரைபடத்தில் ஏடன், மஸ்கட், ராஸ் அல் கைமா, பஹ்ரைன், குவைத், பாரசீகக் கரையிலுள்ள புஷயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு பம்பாயைக் குறியுங்கள். லண்டனைக் குறிப்பதற்கு அவசரமில்லை. புஷயரில் இருந்த ரெசிடென்ட் (பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதி) 1873 வரை பம்பாய் அரசுக்கே கட்டுப்பட்டவர். அதன்பின் இந்திய அரசுக்கு. கப்பலும் சிப்பாயும் பணமும் இந்தியாவிலிருந்தே போயின. ஆகவே இந்த வரலாற்றை நம் கரையிலிருந்து பார்ப்பது வலிந்து செய்யும் வேலையன்று.

ஆவணங்களுக்கு வெளியூர் அலைய வேண்டியதில்லை. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் வளைகுடாவைப் பற்றிய பலவற்றைக் கத்தார் தேசிய நூலகம் வலையில் இலவசமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறது. தேடும்போது இன்றைய பெயர்களை மட்டும் நம்பக் கூடாது. தூத்துக்குடியை டூட்டிகொரின் என்றும் திருநெல்வேலியை டின்னவேலி என்றும் எழுதிய அதே கைகள்தான், ராஸ் அல் கைமாவை ஆண்ட காசிமி குலத்தாரை ‘ஜோவாஸ்மி’ என்று எழுதின. பழைய எழுத்துக்கூட்டலைப் போட்டுப் பார்க்காவிட்டால் பாதி ஆவணம் கண்ணில் படாது.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு நிகழ்ச்சியின் தேதியையும் தமிழ் மாதமாக மாற்றி எழுதுங்கள். ராஸ் அல் கைமாவைத் தாக்கிய படை, வில்லியம் கிராண்ட் கீர் தலைமையில் 1819 நவம்பரில் பம்பாயிலிருந்து புறப்பட்டு டிசம்பரில் அந்த ஊரைப் பிடித்தது. கடற்கொள்ளையை நிறுத்துவதாகக் கூறும் பொது உடன்படிக்கையில் 1820 ஜனவரி 8 முதல் ஷேக்குகள் கையெழுத்திட்டார்கள். கேப்டன் ஹெய்ன்ஸ் ஏடனைப் பிடித்தது 1839 ஜனவரி 19. இவை ஐப்பசி முதல் தை வரை அமைகின்றன. இனி மற்றொரு வரிசையைப் பாருங்கள்: முதல் கடல் அமைதி ஒப்பந்தம் 1835 மே 21, பத்தாண்டு ஒப்பந்தம் 1843 ஜூன் 1, நிரந்தர ஒப்பந்தம் 1853 மே 4. எல்லாம் சித்திரையும் வைகாசியும்.

காரணம் காற்றிலும் முத்திலும் இருக்கிறது. நமக்குக் குற்றாலத்தில் சாரல் கொண்டுவரும் ஆனி, ஆடிக் காற்றே ஓமனின் தென்கோடியில் தோஃபார் மலைகளையும் பச்சையாக்குகிறது. ஆனால் திறந்த கடலில் அது பாய்க்கப்பல்களை முடக்கிவிடும். பம்பாயிலிருந்து படை மேற்கே போக வேண்டுமானால் அந்தக் காற்று அடங்கி வாடை தொடங்க வேண்டும். வளைகுடாவுக்கு உள்ளேயோ, அதே கோடை மாதங்கள்தான் முத்துக்குளிக்கும் காலம். ஆயிரக்கணக்கான ஆண்கள் ஊரைவிட்டுப் படகுகளில் போய்விடும் அந்த மாதங்களில் குலச்சண்டை மூண்டால், கடனை வாங்கிக் கடலில் இறங்கியவனுக்கும் கொடுத்த வணிகனுக்கும் ஒருசேர நட்டம். எனவேதான் 1835இல் முதன்முதலாகச் செய்த ஒப்பந்தம் முத்துப் பருவத்தை உள்ளடக்கிய ஆறு மாதங்களுக்கு மட்டுமே; பிடித்துப்போனதால் அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து, 1853இல் நிரந்தரமாக்கினார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தடுக்கப்பட்டது கடற்சண்டை மட்டுமே, கரையில் அடித்துக்கொள்வதை அந்த ஒப்பந்தங்கள் தடுக்கவில்லை.

முத்துப் பார்களைப் பற்றி நம் வாசகருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடிப் பார்கள் அரசின் உடைமையாக இருந்தன. எந்த ஆண்டு குளிப்பு நடக்கும் என்று அரசே அறிவித்தது. வளைகுடாவின் அரபுப் பக்கத்துப் பார்களோ அக்கரைக் குலங்கள் அனைத்துக்கும் பொதுவானவை. பொதுச் சொத்தில் வேலை செய்பவர்களுக்கிடையே அமைதியைக் காக்கும் நடுவராகத்தான் பிரிட்டிஷார் உள்ளே நுழைந்தார்கள். நடுவர் எப்போது எசமானர் ஆனார் என்பதுதான் உங்கள் கட்டுரை தேட வேண்டிய இடம்.

அதற்கு ஒரு சிறு கைவேலை உதவும். 1820 உடன்படிக்கையின் மூன்றாம் ஷரத்து ஒரு கொடியை அளவோடு விவரிக்கிறது. சிவப்புத் தாள் ஒன்றை வெட்டி, வெள்ளைத் தாளின் நடுவில் ஒட்டுங்கள். வெள்ளைக் கரையின் அகலம் சிவப்பின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ‘நட்பு அரபிகள்’, அதாவது கையெழுத்திட்ட தரப்பார், தரையிலும் கடலிலும் இதைத்தான் ஏற்ற வேண்டும், வேறெதையும் ஏற்றக் கூடாது. ஐந்தாம் ஷரத்துப்படி ஒவ்வொரு கலமும் தன் பெயர், நீளம், அகலம், கொள்ளளவு எழுதிய பதிவுத்தாளோடு, உரிமையாளர் யார், நாகுதா (கலத்தலைவர்) யார், ஆள் எத்தனை, ஆயுதம் எத்தனை, எங்கிருந்து எங்கே போகிறது என்னும் விவரங்கள் கொண்ட மற்றொரு தாளையும் வைத்திருக்க வேண்டும். தூத்துக்குடித் தோணியின் தண்டல் ஒருவர் இதைப் படித்தால் சிரித்துவிடுவார். துறைமுக அலுவலகம் இன்றும் கேட்பது ஏறக்குறைய இதைத்தான். அந்தக் காகிதத்தை ஒட்டி முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தக் கொடி இல்லாத படகைக் கடலில் கண்டால் அது யாருடையதாகக் கருதப்படும்?

இங்கே ‘கடற்கொள்ளையர்’ என்னும் சொல்லை எச்சரிக்கையோடு கையாளுங்கள். காசிமிகள் கப்பல்களைப் பிடித்ததற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அச்சொல்லைப் பதிவு செய்தது அவர்களோடு போரிட்ட தரப்பு. பாஞ்சாலங்குறிச்சியாரைக் கம்பெனியின் கடிதங்கள் என்ன பெயரிட்டு அழைத்தன என்று அறிந்த ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை இராமநாதபுரத்தில் நிற்கவைத்து விசாரித்தார். அக்டோபர் 12ஆம் தேதி அதே கம்பெனி மஸ்கட் ஆட்சியாளருடன் முதல் உடன்படிக்கையைச் செய்துகொண்டது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அந்த மஸ்கட் உடன்படிக்கையில் மூன்றாமவர் யார்? பிரெஞ்சுக்காரர். அவ்வாண்டு ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கியிருந்தார். திப்பு சுல்தானுக்கு மஸ்கட்டில் வணிகக் கிடங்கு இருந்தது. தாளில் வணிகமும் நட்பும் இருந்தாலும் அதன் உயிர்நாடி பிரெஞ்சுக்காரரை உள்ளே விடாதே என்பதுதான்.

நீராவிக் கப்பல் வந்தபின் மாதக் கணக்கு தளர்ந்துபோகும். 1892 மார்ச்சில் கரை ஷேக்குகள், பிரிட்டனைத் தவிர வேறெந்த அரசுடனும் தொடர்பு கொள்வதில்லை, நிலத்தை வேறு யாருக்கும் விற்பதில்லை என்று எழுதிக்கொடுத்ததற்குக் காற்றைக் காரணமாகத் தேட வேண்டாம். இந்தக் கட்டத்தில் நிலக்கரி எங்கே கொட்டி வைக்கப்பட்டது என்று பாருங்கள். ஹியூ லின்ட்சே என்னும் நீராவிக் கப்பல் 1830இல் பம்பாயிலிருந்து சூயஸ் போகையில் ஏடனில் நின்றுதான் கரி ஏற்றியது. ஒன்பது ஆண்டில் ஏடன் பிரிட்டிஷார் கையில். 1857இல் செங்கடல் வாயிலிலுள்ள பெரிம் தீவு. 1862இல் எதிரே ஆப்பிரிக்கக் கரையில் ஒபோக்கைப் பிரெஞ்சுக்காரர் விலைக்கு வாங்கினார்கள்.

இம்முறையை முழுதாகப் பழக 1899ஆம் ஆண்டின் மஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனும் பிரான்சும் 1862இல் பாரிஸில் மஸ்கட், சான்சிபார் இரண்டின் சுதந்திரத்தையும் மதிப்போம் என்று அறிவித்திருந்தன. அந்தத் தாளில் மஸ்கட் சுல்தானின் கையெழுத்து கிடையாது. 1891இல் சுல்தான் ஃபைசல், தன் நிலத்தைப் பிரிட்டனுக்கன்றி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று தனியாக எழுதிக்கொடுத்தார். பிறகு 1898இல், மஸ்கட்டுக்கு அருகே பந்தர் ஜிஸ்ஸா என்னும் சிறு துறையில் கரி நிலையம் வைத்துக்கொள்ளப் பிரெஞ்சுக்காரருக்கு அவரே இடம் கொடுத்தார். செய்தி வெளியானதும், 1899 பிப்ரவரியில் அட்மிரல் டக்ளஸின் எக்லிப்ஸ் போர்க்கப்பல் அரண்மனைக்கு எதிரே நங்கூரமிட்டது. குண்டு வீசுவோம் என்னும் மிரட்டலுக்குப்பின் சுல்தான் கப்பலுக்கே வந்து, கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஜனவரி 23 அன்று, குவைத் ஷேக் முபாரக் 15,000 ரூபாய்க்குப் பிரிட்டனுடன் இரகசிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர் வெறுங்கையோடு போகவில்லை. மஸ்கட்டில் ஏற்கெனவே பிரிட்டிஷாரிடம் இருந்த கரிக் கிடங்கில் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. மிரட்டப்பட்டவர் சுல்தான், சமரசம் பேசிக்கொண்டவர்கள் மற்ற இருவர்.

கடைசியாக ஒரு பயிற்சி. 1837இல் பிரிட்டிஷ் கொடி ஏற்றிய தரியா தௌலத் என்னும் சென்னைக் கப்பல் ஏடனுக்கருகே தரைதட்டிக் கொள்ளையிடப்பட்டது. ஏடனைப் பிடித்ததற்கு இதையே பாடநூல்கள் காரணமாகச் சொல்கின்றன. கரி, காற்று, ஏமனுக்குள் அப்போது முன்னேறிக்கொண்டிருந்த எகிப்தின் முகமது அலி ஆகிய மூன்றையும் எதிரே வைத்து, கப்பல் உடையாமலிருந்தாலும் 1839 தை மாதம் அதே கதிதானா என்று இரண்டு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.