ஆங்கிலப் பேச்சில் தமிழ் வந்து இடறும் இடங்கள்

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்குகிறார்கள். இடம் தெரிந்துவிட்டால் திருத்துவது பெரிய வேலையில்லை.

முதலில் எதிர்மறைக் கேள்வி. மற்ற பிழைகளில் இலக்கணம்தான் பிசகும். இதில் அர்த்தமே தலைகீழாகிவிடும். "இன்னும் பணம் கட்டலையா?" என்று கேட்டால் நாம் "ஆமா, கட்டலை" என்போம். அதே பழக்கத்தில் "ஹேவன்ட் யூ பெய்ட்?" என்பதற்கு "யெஸ்" சொன்னால், கட்டிவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். கேள்வியின் வடிவத்தை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் பாருங்கள். கட்டியிருந்தால் "யெஸ், ஐ ஹேவ்", கட்டாவிட்டால் "நோ, ஐ ஹேவன்ட்". ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள்.

அடுத்தது காலம். "அஞ்சு வருஷமா இங்கே இருக்கேன்" என்பது தமிழில் நிகழ்காலம். அதனால்தான் "ஐ ஆம் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று வாயில் வருகிறது. இதில் இரண்டு பிழை. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு "ஹேவ் பீன்" வேண்டும். கால அளவுக்கு "ஃபார்" வேண்டும். "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்." மனதில் "வருஷமா, மாசமா" என்று ஓடினால் ஃபார், "2019-லேர்ந்து, திங்கட்கிழமையிலேர்ந்து" என்று ஓடினால் சின்ஸ்.

"வரும்போது வாங்கிட்டு வரேன்" என்பதில் "வரும்" எதிர்காலம் போல ஒலிப்பதால் "வென் ஐ வில் கம்" என்கிறோம். "வென் ஐ கம்" போதும். "இஃப் இட் ரெயின்ஸ்" என்பதும் அப்படியே. "வென் வில் யூ கம்?" என்று நேராகக் கேட்கும்போது வில் வரலாம்.

"ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" இரண்டும் தவறு. "தெரிந்துகொண்டிருக்கிறது" என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லையே! ஆனால் "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" சரி. அங்கே ஹேவ் என்பது சாப்பிடும் செயல், உடைமை அல்ல.

"டிஸ்கஸ் அபௌட்" என்பதில் அபௌட் வேண்டாம். "டிட் யூ வென்ட்" என்பதில் டிட்டே இறந்தகாலத்தைச் சொல்லிவிட்டது. "டிட் யூ கோ" என்றால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் பார்த்தால் நாக்கு நின்றுவிடும். வாரம் ஒரு பிழை எடுங்கள். தினமும் 2 நிமிடம் செல்போனில் பேசிப் பதிவு செய்து, அந்த ஒன்றை மட்டும் தேடிக் கேளுங்கள். பிழையான வாக்கியத்தைத் திருத்தி, சத்தமாக 5 முறை சொல்லுங்கள்.